ஆறரை வயது கோல்ஃப் ஜிடிஐ: 85,000 வெள்ளிக்கு வாங்கலாமா?

கேட்டவர் சொன்ன விவரம் இதுதான். வயது 29, உரிமம் எடுத்து ஒன்றரை ஆண்டு. வீடு பொங்கோலில், வேலை துவாஸில். ஏழாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ ஒன்று நேரடியாக உரிமையாளரிடமிருந்து விலைக்கு வருகிறது. பதிவாகி ஆறரை ஆண்டு, 78,000 கிலோமீட்டர், கேட்கும் விலை 85,000 வெள்ளி. எக்ஸாஸ்ட் மாற்றியிருக்கிறது. முன்பு ஸ்டேஜ் 1 ரீமேப் (பாகங்களை மாற்றாமல் எஞ்சின் கணினியின் மென்பொருளை மட்டும் மாற்றிச் சக்தியைக் கூட்டுவது) செய்து, விற்பதற்காகப் பழையபடி ஆக்கிவிட்டதாக விற்பவரே சொல்கிறார். வாங்கலாமா?

தம்பி, இந்த விலைக்கு, இந்த நிலையில் வேண்டாம். ஆனால் கார் நல்ல கார். கீழே சொல்லும் சோதனைகளில் தேறி, எக்ஸாஸ்ட் விவகாரத்தையும் விற்பவரே சரிசெய்து, விலையும் இறங்கினால் தாராளமாக வாங்கலாம். ஏன் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் காகிதக் கணக்கு. சிங்கப்பூரில் பழைய கார் வாங்கும்போது விலையில் ஒரு பங்குதான் இரும்புக்குப் போகிறது, மீதி காகிதத்துக்கு. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தில் காரின் ஓஎம்வி (இறக்குமதிச் சந்தை மதிப்பு), கட்டிய ஏஆர்எஃப் (கூடுதல் பதிவுக் கட்டணம்), சிஓஇ (காரைப் பத்தாண்டு வைத்திருக்கும் உரிமை) தொகை மூன்றையும் பார்த்துவிடலாம். விற்பவர் சிங்பாஸில் (அரசின் மின்னிலக்க அடையாளம்) நுழைந்து திரையைக் காட்டினால் இரண்டு நிமிட வேலை. கணக்குக்காக ஓஎம்வி 30,000, சிஓஇ 40,000 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் காரின் எண்களை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்து ஏஆர்எஃப் விதிப்படி ஓஎம்வியின் முதல் 20,000க்கு 100 விழுக்காடு, அடுத்த 30,000க்கு 140 விழுக்காடு. ஆக 20,000 + 14,000 = 34,000 வெள்ளி. ஆறு முதல் ஏழு வயதுக்குள் பதிவு நீக்கினால் இதில் 65 விழுக்காடு, அதாவது 22,100 வெள்ளி பார்ஃப் தொகையாகத் திரும்பக் கிடைக்கும். பத்தாம் ஆண்டின் முடிவில் அது 50 விழுக்காடு, 17,000. (இந்த விகிதங்கள் உங்கள் காரின் பதிவுக் காலத்துக்கு உரியவை. பின்னால் பதிவான கார்களுக்கு விதி மாறியிருக்கிறது, அந்த எண்களை இதில் கலந்துவிடாதீர்கள்.) சிஓஇயில் மூன்றரை ஆண்டு மிச்சம், அதற்கு 14,000. ஆக இன்றைக்கு இந்தக் காரை ஸ்கிராப்புக்கு அனுப்பினால் கையில் 36,100 வெள்ளி வரும்.

விலை 85,000, காகித மதிப்பு 36,100. இடையில் உள்ள 48,900 வெள்ளிதான் நீங்கள் எடுக்கும் உண்மையான ஆபத்து. எஞ்சினோ கியர்பாக்ஸோ போய், பழுதுபார்ப்பது கட்டுப்படியாகாத நிலை வந்தால் இழப்பது இந்தத் தொகையைத்தான். ஆண்டுத் தேய்மானத்தை மட்டும் பார்ப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. தேய்மானக் கணக்கு தனி: (85,000 − 17,000) ÷ 3.5 = ஆண்டுக்கு ஏறக்குறைய 19,430, மாதம் 1,620. ஜிடிஐ போன்ற ஹாட் ஹேட்ச் (சக்தி கூட்டிய சிறிய கார்) வாங்கும்போது இரண்டு எண்களையும் பார்க்க வேண்டும். முந்தைய உரிமையாளர் கொடுமைப்படுத்தியிருக்கக்கூடிய காருக்கு, காகித மதிப்புக்கு மேல் எவ்வளவு கொடுக்கிறோம் என்பதே முதல் கேள்வி.

கடன்: ஓஎம்வி 20,000ஐத் தாண்டியதால் நாணய ஆணையத்தின் விதிப்படி விலையில் 60 விழுக்காடு வரைதான் கிடைக்கும். 51,000 கடன், 34,000 ரொக்கம். சட்டப்படி ஏழாண்டு வரை கடன் எடுக்கலாம் என்றாலும் சிஓஇ முடிவதற்குள் கட்டி முடிக்க வேண்டியிருக்கும், ஆகவே அதிகபட்சம் 42 மாதம். நிலையான வட்டி 3 விழுக்காடு என்று வைத்தால் மாதம் சுமார் 1,342 வெள்ளி. அந்த 3 விழுக்காடு குறைந்துவரும் பாக்கிக்கு அல்ல, முழுத் தொகைக்கும் போடப்படுவது. உண்மையான வட்டி ஏறக்குறைய இரட்டிப்பு.

சாலை வரி 1,984 சிசிக்கு ஆண்டுக்கு 1,190 வெள்ளியைச் சுற்றி வரும். பொங்கோலிலிருந்து துவாஸ் போய்வர நாளுக்கு 80 கிலோமீட்டர் என்று வைத்தால் ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 11 ஓடினால் 1,800 லிட்டருக்கு மேல் பெட்ரோல். பெரும்பகுதி விரைவுச்சாலை என்பதால் 11 எதிர்பார்க்கலாம். நகருக்குள்ளேயே ஓட்டுபவருக்கு அது கிடைக்காது.

காப்புறுதிதான் உங்களுக்குச் சிக்கலான இடம். உரிமம் எடுத்து இரண்டு ஆண்டு ஆகாதவர்களை அனுபவம் குறைந்த ஓட்டுநர் என்று வகைப்படுத்தி, விபத்து நேர்ந்தால் நீங்கள் ஏற்க வேண்டிய தொகையைப் பல காப்புறுதி நிறுவனங்கள் உயர்த்திவிடும். விபத்தில்லாமல் ஓட்டியதற்குத் தரும் என்சிடி தள்ளுபடியும் உங்களுக்கு இன்னும் சேர்ந்திருக்காது. சில நிறுவனங்கள் இப்படிப்பட்ட காருக்கு விலையே சொல்லாது. முன்பணம் கொடுப்பதற்கு முன் குறைந்தது மூன்று நிறுவனங்களிடம் எழுத்தில் விலை வாங்குங்கள். எக்ஸாஸ்ட் மாற்றியிருப்பதை மறைக்காமல் சொல்லுங்கள், மறைத்தால் விபத்து நடந்த அன்று இழப்பீடு கேட்க முடியாமல் போகலாம். ஆறு மாதம் பொறுத்து இரண்டு ஆண்டு முடிந்தபின் வாங்கினால் இதில் கணிசமான மிச்சம் உண்டு. அவசரமில்லை என்றால் நான் சொல்லும் யோசனை அதுதான்.

இனி கார். உங்களுடையதில் இருப்பது ஈஏ888 எஞ்சினின் மூன்றாம் தலைமுறை. முந்தைய ஜிடிஐகளில், சுமார் 2012 வரை வந்தவற்றில், டைமிங் செயின் டென்ஷனர் பழுதாகி வால்வும் பிஸ்டனும் மோதிய கதைகள் ஏராளம். அந்தப் பயம் இதற்கு அவ்வளவு தேவையில்லை. இதன் பலவீனம் வேறு இடத்தில்: இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே இருக்கும் வாட்டர் பம்ப்பும் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்த பிளாஸ்டிக் கூடு. சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டு அது வளைகிறது, ஓரங்களில் கசிகிறது. முதலில் கூலன்ட் அளவு மெல்ல இறங்கும், தரையில் ஒன்றும் தெரியாது, ஏனென்றால் கசிவு சூட்டிலேயே காய்ந்துவிடும். டார்ச் அடித்து மேனிஃபோல்டுக்கு அடியில் பாருங்கள். இளஞ்சிவப்பாகப் பொருக்குத் தட்டியிருந்தால் அதுதான். எஞ்சின் அறையில் இனிப்பு வாடை அடித்தாலும் அதே. ‘அடிக்கடி கொஞ்சம் ஊற்றினால் போதும்’ என்று விற்பவர் சொன்னால் மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். இது மாற்றக்கூடிய பாகம், காரை வேண்டாம் என்று சொல்லும் காரணம் அல்ல. ஆனால் கவனிக்காமல் சூடேறும்வரை ஓட்டிய காரின் ஹெட் கேஸ்கெட்டுக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில்தான் ஸ்டார்ட் செய்து கேட்க வேண்டும். ‘காலையில் எட்டு மணிக்கு வருகிறேன், அதுவரை எடுக்காதீர்கள்’ என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். போனதும் முதல் வேலை பானெட்டின் மேல் உள்ளங்கையை வைப்பது. சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்புங்கள். குளிர்ந்த எஞ்சின் முதல் ஒரு நிமிடம் சற்று உயர்ந்த ஐடிலில், இன்ஜெக்டர்கள் ‘டிக் டிக்’ என்று சத்தமிட ஓடும். அது இயல்பு. முதல் இரண்டு மூன்று விநாடி சங்கிலி தகரத்தில் உரசுவதுபோல் ஒரு சத்தம் வந்து அடங்கினால் அது இயல்பல்ல. பின்னாலிருந்து ஒருவரைப் புகையைப் பார்க்கச் சொல்லுங்கள். நீலப் புகை என்றால் எண்ணெய். வெள்ளையாக, நிற்காமல், இனிப்பு வாடையோடு வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது.

ஐடிலில் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். எஞ்சின் ஓட்டத்தில் லேசான மாற்றம் இருக்கும். மூடி உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு வர மறுத்தால், அல்லது விசில் போன்ற ஒலி மாறினால், பிசிவி வால்வின் (எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் வால்வு) டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. அதைக் கவனிக்காமல் விட்டால் பின்பக்கச் சீலும் எண்ணெய் கசிய ஆரம்பிக்கும், கியர்பாக்ஸை இறக்காமல் அந்தச் சீலை மாற்ற முடியாது.

கியர்பாக்ஸ் விஷயத்துக்கு வருவோம், இங்கேதான் பெரும்பணம் போகும். ஜிடிஐயில் வருவது எண்ணெயில் மூழ்கிய கிளட்ச் கொண்ட டிஎஸ்ஜி (இரட்டைக் கிளட்ச் தானியங்கி கியர்பாக்ஸ்), ஆண்டைப் பொறுத்து ஆறு கியரோ ஏழு கியரோ. போலோ ஜிடிஐயின் பழைய 1.4 மாடலில் வந்த உலர்ந்த கிளட்ச் ஏழு கியரோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதன் மெக்கட்ரானிக் யூனிட் (கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பகுதி) பெயர்கெட்டது. எண்ணெயில் மூழ்கிய ஆறு கியர் பெட்டிக்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெயும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். வடித்து ஊற்றும்போது ஐந்து லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும், எண்ணெய் 35 முதல் 45 டிகிரி சூட்டில் இருக்கும்போது அளவைச் சரிபார்க்க வேண்டும். ஏழு கியருக்குத் தயாரிப்பாளர் தரும் இடைவெளி நீளம். நம் ஊர்ச் சூட்டிலும் விரைவுச்சாலை நெரிசலிலும் ஓடும் காருக்கு அதற்கும் 60,000 என்று வைத்துக்கொள்வதே நல்லது. 78,000 ஓடிய இந்தக் காரில் அது ஒருமுறை நடந்திருக்க வேண்டும். ரசீதில் ‘டிஎஸ்ஜி சர்வீஸ்’ என்று எழுதியிருந்தால் போதாது, ஃபில்டரும் எண்ணெயின் வகையும் அளவும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

டிஎஸ்ஜியைச் சோதிக்கச் சிறந்த இடம் வீவக அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தின் சரிவுப் பாதை. டியில் போட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் பிரேக்கை விடுங்கள். கார் தயங்காமல், குலுங்காமல் நகர வேண்டும். பிறகு சரிவில் மிக மெதுவாக ஏறுங்கள். முதல் கியரிலிருந்து இரண்டுக்கு மாறும்போது உடம்பு அதிர்ந்தால், சலங்கை குலுங்குவதுபோல் நடுக்கம் வந்தால், கிளட்ச் பேக் தேய்ந்திருக்கிறது அல்லது எண்ணெய் கெட்டிருக்கிறது. சரிவிலேயே ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கள். பின்னோக்கி ஏறும்போதுதான் கிளட்ச் குறைகள் ஒளிய முடியாமல் வெளியே வரும். இருபது நிமிடம் ஓட்டிச் சூடான பின் இதையே மறுபடி செய்யுங்கள். குளிரில் நன்றாக இருந்து சூட்டில் தயங்கினால் மெக்கட்ரானிக்கைச் சந்தேகிக்கலாம்.

விரைவுச்சாலையில் நான்காவது கியரை மேனுவல் முறையில் பிடித்து, 2,000 சுற்றிலிருந்து முழுமையாக அழுத்துங்கள். 90க்கு மேல் போகத் தேவையில்லை, ஐந்து விநாடியே போதும். இழுவை ஒரே சீராக வர வேண்டும். நடுவில் தளர்ந்து பிறகு பிடித்தால் டர்போக் குழாயில் கசிவு, டைவர்ட்டர் வால்வு, இக்னிஷன் காயில், இப்படிப் பல காரணம் இருக்கலாம். சைரன் போல் ஊளை கேட்டால் டர்போவின் தண்டு ஆடுகிறது. சுற்று ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் நழுவுகிறது. ரீமேப் செய்த கார்களில் இது முதலில் கவனிக்க வேண்டியது, ஏனென்றால் தொழிற்சாலை 350 நியூட்டன் மீட்டருக்குக் கணக்கிட்ட கிளட்சின் மேல் ஸ்டேஜ் 1 அதைவிடக் கணிசமான முறுக்குவிசையை ஏற்றிவிடுகிறது.

ரீமேப் பற்றி விற்பவர் தானாகவே சொன்னது அவருக்கு ஒரு நல்ல மதிப்பெண். ஸ்டேஜ் 1 மட்டும், நல்ல மென்பொருள், 98 பெட்ரோல், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு எண்ணெய் மாற்றம் என்றால் இந்த எஞ்சின் தாங்கும். ஆனால் ‘பழையபடி ஆக்கிவிட்டேன்’ என்ற வார்த்தையை எப்படிச் சரிபார்ப்பது? மூன்று வழி உண்டு. முதலாவது, ஃபோக்ஸ்வாகன் முகவரின் பட்டறையில் கணினியில் இணைக்கும்போது, முன்பு மாற்றிய ஈசியுவுக்கு (எஞ்சின் கணினி) டிடி1 என்ற குறி பதிவாகியிருக்கலாம். இரண்டாவது, தனிப் பட்டறையில் விசிடிஎஸ் அல்லது ஓபிடி கருவியைச் செருகிப் பிழைக் குறிகளைப் படிப்பது. குறிகள் இல்லை என்று நிம்மதி அடையாமல், ‘குறிகள் அழிக்கப்பட்டபின் ஓடிய தூரம்’ என்ற அளவையும், ரெடினஸ் மானிட்டர்கள் (கார் தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகள்) முடிந்திருக்கின்றனவா என்பதையும் கேளுங்கள். தூரம் 40 கிலோமீட்டர் என்று காட்டினால் நேற்று யாரோ அழித்திருக்கிறார்கள். எதை அழித்தார்கள் என்பதே அப்போது கேள்வி. மூன்றாவது கண்ணால் பார்ப்பது: டவுன்பைப் (டர்போவிலிருந்து இறங்கும் எக்ஸாஸ்ட் குழாய்) போல்ட்டுகளில் புதிய ஸ்பானர் தடம், காணாமல்போன சூட்டுத் தடுப்புத் தகடு, இன்டேக் குழாயில் ஒரே மாதிரி இல்லாத கிளாம்ப்புகள். இவை இருந்தால் ஸ்டேஜ் 1இல் நிற்கவில்லை என்று பொருள்.

எக்ஸாஸ்ட்டுக்கு நிலப் போக்குவரத்து ஆணையம் ஏற்கும் அனுமதிச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் தாளை வாங்கிக் காரிலேயே வையுங்கள். இல்லையென்றால் பழைய எக்ஸாஸ்ட்டைத் திருப்பிப் பொருத்திய பிறகே வாங்குவதாகச் சொல்லிவிடுங்கள். ‘இன்ஸ்பெக்‌ஷனுக்கு மட்டும் மாற்றிக்கொள்ளலாம்’ என்ற பேச்சை ஏற்காதீர்கள். சாலையில் நிறுத்தப்பட்டால் பொறுப்பு அன்றைய உரிமையாளருடையது, அது நீங்கள்.

உடல் பகுதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பெயின்ட் தடிமன் மானி கையில் இருந்தால் 90 முதல் 150 மைக்ரான் தொழிற்சாலைப் பூச்சு, 300ஐத் தாண்டினால் அடியில் புட்டி இருக்கலாம். டயரில் நான்கு இலக்கத் தேதியைப் படியுங்கள்: 3221 என்றால் 2021ஆம் ஆண்டின் 32ஆம் வாரம். நான்கும் நான்கு பிராண்டாக இருந்தால் அந்த உரிமையாளர் எங்கெங்கே மிச்சம் பிடித்திருப்பார் என்று யோசிக்க வேண்டும். டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் சஸ்பென்ஷன் தாழ்த்தப்பட்டிருந்திருக்கலாம். சன்ரூஃப் இருந்தால் முன்பக்கக் கால்விரிப்பைத் தூக்கி அடியில் கையால் அழுத்துங்கள். வடிகுழாய் அடைத்துக்கொண்டால் நம் ஊர் மழை நேராக உள்ளே இறங்கும், அந்த ஈரம் மின்கம்பிகளைக் கெடுக்கும்.

இத்தனையும் பார்த்துத் திருப்தி என்றால் சின் மிங்கில் எஸ்டிஏ அல்லது விக்கோம் வாகனப் பரிசோதனை நிலையத்தில் பழைய கார் மதிப்பீட்டுக்கு விடுங்கள். அங்கே அடிச்சட்டம், விபத்துப் பழுது, பிரேக், கசிவு ஆகியவற்றை நன்றாகப் பார்ப்பார்கள். ஆனால் டிஎஸ்ஜியின் அடாப்டேஷன் அளவுகளையும் (கிளட்ச் தேய்மானத்துக்கேற்பக் கணினி செய்துகொண்ட சரிக்கட்டல்) ஈசியுவையும் ஆழமாகப் பார்க்க ஃபோக்ஸ்வாகன் வேலை தெரிந்த பட்டறைதான் வேண்டும். காக்கி புக்கிட்டிலும் சின் மிங்கிலும் அப்படிப்பட்டவை உண்டு. இரண்டையும் செய்யுங்கள். 48,900 வெள்ளி ஆபத்துக்கு முன்னால் அந்தக் கட்டணம் பெரிதல்ல. சோதனைக்கு விட மறுக்கும் விற்பவரிடம் பேரம் பேசவே வேண்டாம்.

நேரடி உரிமையாளர் விற்பனை என்பதால் இன்னொன்றும் உண்டு. வணிகர் விற்கும் பழைய காருக்கு லெமன் சட்டம் பொருந்தும். ஆறு மாதத்துக்குள் குறை வெளிப்பட்டால் அது விற்றபோதே இருந்ததாகக் கருதி வழக்கு உங்கள் பக்கம் சாயும். தனிநபர் தனிநபருக்கு விற்றால் அந்தப் பாதுகாப்பு இல்லை. கன்சைன்மென்ட் என்று வணிகர் நடுவில் நின்றாலும் ஒப்பந்தத்தில் விற்பவர் யார் என்று எழுதியிருக்கிறதோ அதைப் பொறுத்ததே. அந்த வரியைப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள்.

மாற்றுக் கார்கள் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பணத்தை மட்டும் பார்த்தால் சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் 1.4 டர்போ உங்களுக்குப் பொருத்தம்: எடை ஒரு டன்னுக்குள், சாலை வரி ஆண்டுக்கு 610ஐச் சுற்றி, ஆட்டோ என்றால் வழக்கமான ஆறு கியர் பெட்டி. துவாஸ் போகும் நீண்ட ஓட்டத்தில் ஜிடிஐ அளவுக்கு அமைதி இருக்காது. மினி கூப்பர் எஸ் பிடிக்கும் என்றால் 2014க்குப் பிந்திய 2.0 எஞ்சின் மாடலைப் பாருங்கள், 2006-10 காலத்து 1.6 டர்போவின் செயின், உயரழுத்தப் பெட்ரோல் பம்ப், தெர்மோஸ்டாட் கூடு மூன்றும் தொல்லை. மூன்றாம் தலைமுறை மெகான் ஆர்எஸ், சிவிக் டைப் ஆர் எல்லாம் மேனுவல். உங்கள் உரிமம் 3ஏ (ஆட்டோ கார்களுக்கு மட்டும்) என்றால் அந்தப் பக்கமே போக முடியாது.

சோதனை எல்லாம் தேறினால் இந்தக் காருக்கு நான் கொடுக்கச் சொல்வது 78,000 முதல் 80,000 வரை. அதற்கு மேல் போனால் அடுத்த காரைப் பாருங்கள். அதோடு பழுதுபார்ப்புக்கென்று 4,000 முதல் 5,000 வெள்ளி தனியே ஒதுக்கி வைக்க முடியாவிட்டால் இந்த வகைக் கார் இப்போது வேண்டாம்.

முன்பணச் சீட்டில் மூன்று வரி எழுதச் சொல்லுங்கள்: மதிப்பீட்டில் பெரிய குறை தெரிந்தால் முன்பணம் முழுவதும் திரும்பத் தரப்படும், பழைய எக்ஸாஸ்ட் பொருத்தித் தரப்படும், விற்பவரின் கடன் பாக்கி வங்கிக்குக் கட்டப்பட்ட கடிதத்தைக் காட்டிய பிறகே உரிமை மாற்றம். மாற்றத்தை விற்பவர் ஒன்மோட்டரிங்கில் தொடங்குவார், நீங்கள் சிங்பாஸில் ஏற்க வேண்டும். அதற்குள் காப்புறுதி உங்கள் பெயரில் தொடங்கியிருக்க வேண்டும்.

கார் கைக்கு வந்த வாரமே எஞ்சின் எண்ணெய் மாற்றிவிடுங்கள், 5.7 லிட்டர், விடபிள்யூ 502 அல்லது 504 தரம். ஸ்பார்க் பிளக் 60,000இல் மாற்றிய ரசீது இல்லையென்றால் நான்கையும் மாற்றுங்கள், கழற்றியவற்றைச் சிலிண்டர் வரிசைப்படி மேசையில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் கருத்தோ வெளுத்தோ இருந்தால் அந்தச் சிலிண்டரின் கம்ப்ரெஷனை அங்கேயே அளந்துவிடலாம். பிரேக் எண்ணெய் இரண்டு ஆண்டைத் தாண்டியிருந்தால் அதையும். கூலன்ட் தொட்டியில் இன்றைய அளவுக்கு நேராக ஒரு துண்டு டேப் ஒட்டி, மாதம் ஒருமுறை குளிர்ந்த எஞ்சினில் பார்த்துவாருங்கள்.